மொய்தீன் ராவுத்தரின் மூன்று கேள்விகள்

சங்ககிரியில் ஒரு நூல் மில்லில் நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தபோது, மில் வாசலுக்கு எதிரே மொய்தீன் ராவுத்தர் டீக்கடை வைத்திருந்தார். சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் போகிற லாரிகள் அங்கேதான் நிற்கும். டீ சுமார்தான். அதை அவர் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன். டிரைவர்கள் அந்தக் கடையைத் தேடி வந்தது டீக்காக அல்ல, அவருடைய வாய்க்காக.

புது ஆள் யார் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாலும் ராவுத்தர் மூன்று கேள்வி கேட்பார். முதலில் வெயில் சாஸ்தியா என்பார். அடுத்து எந்த ஊர் என்பார். கடைசியில், டீ கிளாஸைக் கையில் கொடுக்கும்போது, அம்மா சௌக்கியமா இருக்கறாங்களா என்று கேட்பார். முதல் இரண்டு கேள்விக்கும் உம் கொட்டிவிட்டு இருப்பவன்கூட மூன்றாவதில் மசிந்துவிடுவான். மீசையை முறுக்கிக்கொண்டு வந்து இறங்கிய முரட்டு டிரைவர்கள் தாயாரின் முட்டி வலியைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். ஈப்போவில் என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. மலேயாவில் பல வருடம் இருந்து, யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டில் எங்கள் மில்லுக்கு ஜப்பானிலிருந்து புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக் கொடுக்க மொரிதா என்று ஒரு ஃபிட்டரும் வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான ஆள். சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு பங்களாவில் தங்கவைத்து, தினமும் ஜீப்பில் அழைத்து வந்தோம். எங்கள் மேனேஜர் குமாரசாமி தன் இங்கிலீஷைப் பற்றி ரொம்பப் பெருமைப்படுபவர். அந்த இங்கிலீஷ் மொரிதாவிடம் எடுபடவில்லை. நட்டும் போல்ட்டும் பாஷை இல்லாமல் புரிந்துவிடும். மற்ற நேரங்களில் அந்தப் பையன் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று. வேலையும் இழுத்தது.

ஒருநாள் மத்தியானம் வெயில் தாங்காமல் அவன் ரோட்டைத் தாண்டி வந்து ராவுத்தர் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்தான். நானும் அங்கே இருந்தேன். ராவுத்தர் வாயைத் திறப்பார், இவனையும் கையைக் காட்டியாவது வெயிலைப் பற்றிக் கேட்பார் என்று வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தேன். அவர் கிளாஸை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் குடித்து முடித்து எழுந்து, தலை குனிந்து அவன் பாஷையில் ஏதோ சொன்னான். ராவுத்தர் திரும்பாமலே, நாக்குத் தானாகப் பேசினாற்போல, அதே பாஷையில் இரண்டு வார்த்தை பதில் சொன்னார். மொரிதா அப்படியே நின்றுவிட்டான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். ராவுத்தரின் முகமோ வெளுத்திருந்தது.

சாயங்காலத்துக்குள் ஜீப் டிரைவர் மூலமாக விஷயம் மேனேஜருக்குப் போய்விட்டது. குமாரசாமி ராவுத்தரைக் கூப்பிட்டு, தினம் ஒரு மணி நேரம் வந்து அந்தப் பையனோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றார். ராவுத்தர் பாஷை மறந்துவிட்டது என்று சொல்லி வந்துவிட்டார். விடுவாரா மேனேஜர்? மறுநாள் என்னை ராவுத்தர் வீட்டுக்கு அனுப்பினார். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ஸ்டோர் குமாஸ்தாதான் அகப்படுவான்.

மலை அடிவாரத்தில் இரண்டு அறை வீடு. நான் முன்னறையில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். ராவுத்தர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். உள்ளறை வாசலில் ஒரு சேலைத் திரை தொங்கியது. அதன் பின்னால் அவர் மனைவி மதீனா பீவி நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அந்நிய ஆண்கள் முன்னால் அந்த அம்மாள் வருவதில்லை.

"ஏனுங்க, ஜப்பான்காரரா வந்திருக்கறாரு?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எம் பையன் இருக்கற நாட்டுக்காரரு வந்திருக்கறாரு. நீங்க போகமாட்டேங்கறீங்களா?"

அவருக்கு ஒரு மகன் உண்டு, ஜப்பானில் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, அப்படியானால் நீங்கள் அவசியம் வரவேண்டும் என்று உற்சாகமாக வேறு சொல்லித் தொலைத்தேன். ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு, காலையில வாரேன் என்றார்.

காலையில் வந்தவர் மில்லுக்குள் போவதற்கு முன்னால் என்னைக் கடைக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றார். அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே அவர் கடை வைத்திருந்தார். நாற்பதில், மகன் ஹனீபுக்குப் பதினாறு வயதானபோது, ஊரிலிருந்து அவனையும் அழைத்துக்கொண்டார். அடுத்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கடைக்காரர்கள் எல்லாரும் அவர்கள் பாஷையைக் கற்க வேண்டும் என்று உத்தரவு. ராவுத்தர் தன் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் கற்றுக்கொண்டார். வடக்கே சயாமுக்குப் போகிற பட்டாள ரயில்கள் அங்கே நிற்கும். சிப்பாய்கள் இறங்கி வந்து டீ குடிப்பார்கள். கன்னத்தில் அறைகிற சிப்பாயைக்கூட "அட்சுய் தெஸ் நே", வெயில் சாஸ்தி, என்று ஆரம்பித்துச் சாந்தப்படுத்தலாம் என்று கண்டுகொண்டார். "ஒகுனி வா தொச்சிரா", உங்கள் ஊர் எது, என்றால் அவன் உட்கார்ந்துவிடுவான். "ஒக்காசான் வா ஒகென்கி தெஸ் கா", அம்மா சௌக்கியமா, என்றால் போதும், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படத்தை எடுத்துக் காட்டுவான். ஒரு மணி நேரத்தில் ரயில் போய்விடும். அடுத்த ரயிலில் வேறு முகங்கள் வரும். அவர்களிடமும் மறுபடி வெயிலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருவரிடமும் பேச்சு ஆரம்பத்தைத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

நாற்பத்துமூன்றில் ஒருநாள், கொட்டகையில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். ஹனீபும், அவனுக்குக் கூட்டாளியாக இருந்த சங்ககிரிப் பையன் காத்தானும் போனார்கள். உள்ளே ஆள் நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, எல்லாரையும் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சேதி கேட்டு ராவுத்தர் ஸ்டேஷனுக்கு ஓடினார். கூட்ஸ் பெட்டிகளுக்குக் காவலாக ஒரு சிப்பாய் நின்றிருந்தான். அவனும் புதிய முகம்தான். ராவுத்தருக்குத் தெரிந்தது ஒரே வழி. வெயில் சாஸ்தி என்றார். ஊர் எது என்றார். அம்மா சௌக்கியமா என்றார். அவனும் மரியாதையாக, அம்மா சௌக்கியம் என்றான். சிரித்தான். என் மகன் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறான், அவனை விட்டுவிடு என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. தமிழில் அழுதார், கும்பிட்டார், பெட்டியைக் காட்டினார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் பிறகு சேதி சொன்னான். ஹனீபும் காத்தானும் அந்த வருடமே பேதியில் போய்விட்டார்கள். சாகக் கிடந்தவர்களையும் செத்தவர்களையும் ஒரே குடிசையில் போட்டுக் கொளுத்தினார்களாம்.

நாற்பத்தாறில் ராவுத்தர் ஊர் திரும்பினார். வாசலிலேயே மதீனா பீவி பையன் எங்கே என்று கேட்டிருக்கிறார். அடுத்த கப்பலில் வருகிறான் என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் பொறுத்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம். மறுநாள் காலையிலேயே காத்தானின் தாய் செல்லாயி, கையில் நாலு கோழிமுட்டையோடு வந்து நின்றாள். அக்கரையிலிருந்து யார் திரும்பி வந்தாலும் அப்படித்தான். அங்கே ஆள் போயிருக்கிற வீட்டுப் பெண்கள் ஏதாவது தின்பண்டம் கொண்டுவந்து கொடுத்துத் தங்கள் பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராவுத்தர் மறைக்காமல் சொன்னார். இரண்டாம் நாள் செல்லாயியைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அந்தக் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வந்தவர், ஹனீபை ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டுக்கே தொழிற்சாலை வேலைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், கடுதாசி போட விடமாட்டார்கள், விட்டதும் வருவான் என்று மனைவியிடம் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார் என்னிடம். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று புத்தி சொல்ல வாய் வரை வந்தது. செல்லாயியை நினைத்ததும் வாய் அடைத்துவிட்டது.

அதன்பின் தினமும் ராவுத்தர் மில்லுக்கு வந்தார். மொரிதாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, வெயில் சாஸ்தி என்பார். ஊர் எது என்பார். அவன் ஹமாமாட்சு என்பான். மறுநாளும் வெயில், மறுநாளும் ஊர். முதல்நாள் கேட்டதையே கேட்கிறாரே என்று அவன் முதலில் திகைத்தான். அவரிடம் இருக்கிற சரக்கே அவ்வளவுதான் என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தான். நாலாம் நாள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹமாமாட்சு என்று கத்தினான். மெஷினைப் பூட்டுகிற ஆட்கள்கூட ஹமாமாட்சு, ஹமாமாட்சு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பையன் சாப்பிட ஆரம்பித்தான். வேலை ஓடியது. மேனேஜர் குமாரசாமி எல்லாம் தன் யோசனை என்று சேலம் வரை சொல்லிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். ரோட்டில் போகிற டிரைவரிடமெல்லாம் கேட்கிற மூன்றாவது கேள்வியை ராவுத்தர் இவனிடம் கேட்கவே இல்லை. ஜப்பான் பாஷையில் அதை அவர் கடைசியாகச் சொன்னது ஈப்போ ஸ்டேஷனில். கேட்காததன் காரணம் எனக்குப் புரிந்தது.

வீட்டில் மதீனா பீவி ஒவ்வொரு சாயங்காலமும், விசாரிச்சீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலை மும்முரம், பேச நேரமில்லை என்று இவர் தட்டிக்கழித்தார். கடைசியில் அந்த அம்மாளே முடிவு செய்துவிட்டார். அக்கரையிலிருந்து வந்தவரை வீட்டில் வைத்துச் சோறு போட்டு விசாரிப்பதுதான் முறை. அவர் வந்து இத்தனை நாளாகியும் தான் சும்மா இருப்பது தப்பு. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டி வரவேண்டும்.

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நான் ஜீப்பில் மொரிதாவை அழைத்துப் போனேன். வாசலுக்கு வெளியே வரை நெய்ச்சோற்று வாசனை வந்தது. ஹனீபுக்குப் பிடிக்கும் என்று தாளிச்சாவும் வைத்திருந்தார்கள். முன்னறையில் புதுப்பாய் விரித்திருந்தது. மொரிதா செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் நாட்டு முறைப்படி முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். ராவுத்தர் எதிரே உட்கார்ந்தார். திரை அசைந்தது.

"தம்பியை முதல்ல கேளுங்க. சாப்பாடு அப்புறம். எம் பையன் எந்த ஊர்ல இருக்கறான்?"

ராவுத்தர் மொரிதாவைப் பார்த்து, "ஒகுனி வா தொச்சிரா" என்றார். மொரிதா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, ஹமாமாட்சு என்றான்.

"ஹமாமாட்சுங்கற ஊர்ல இருக்கறானாம்" என்றார் ராவுத்தர் திரையைப் பார்த்து.

உள்ளே அந்தப் பெயரை ஒரு குரல் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தினமும் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தைகள் எனக்கே மனப்பாடம். அங்கே குளிரா, அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சளி உடம்பு என்று அடுத்த கேள்வி வந்தது. ராவுத்தர் "அட்சுய் தெஸ் நே" என்றார். மொரிதா நெற்றியைத் துடைத்து ஆமாம் என்று தலையாட்டினான். நம்ம ஊர் மாதிரிதான் வெயிலாம் என்று திரைக்குச் சேதி போயிற்று.

"அவனை நல்லா வெச்சிருக்கறாங்களா? சோறு தண்ணிக்குக் கொறையில்லாம இருக்கறானா? அதைக் கேளுங்க."

ராவுத்தரிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். திரைக்குள்ளிருந்து, கேளுங்க என்று மறுபடி குரல் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒக்காசான் வா ஒகென்கி தெஸ் கா" என்றார்.

மொரிதாவின் சிரிப்பு நின்றது. அவன் ராவுத்தரைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். இந்த வீட்டுத் தாய்தான் தன் தாயைப் பற்றி விசாரிக்கச் சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கையை மேலே தூக்கி விமானம் போவதுபோலக் காட்டினான். பத்து விரலையும் விரித்து நெருப்பு எழும்புவதைக் காட்டினான். "ஷினிமாஷ்தா" என்றான். செத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் இரண்டு கையையும் பாயில் ஊன்றி, திரையை நோக்கி நெற்றி தரையில் படும்படி குனிந்தான். முதுகு குலுங்கியது. சிறு பிள்ளைபோல விம்மி அழுதான்.

"நல்லா இருக்கறானாம்" என்றார் ராவுத்தர். "கவலைப்பட வேண்டாங்கறாரு."

திரை விலகியது. மதீனா பீவி வெளியே வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அந்த அம்மாளை நான் பார்த்தது அன்றுதான். முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது. அதை இழுத்துவிட அவருக்குத் தோன்றவில்லை. தரையில் குனிந்து கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"எந்த வருசமுங்க?"

ராவுத்தர் பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"நல்ல சேதி கொண்டாந்தவன் இப்படி அழுவமாட்டான். எந்த வருசம்னு சொல்லுங்க."

"நாப்பத்திமூணு" என்றார். "பேதியில."

அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குத் தேவலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"பராத்து ராவுக்கு ராவு அவன் ஆயுசு நீளணும்னு யாசீன் ஓத வெச்சேன். பக்கத்துல உக்காந்து ஆமீன் சொன்னீங்களே. மௌத்தான புள்ளைக்கு ஆயுசு கேட்டுக்கிட்டு இருந்திருக்கறேன். எல்லார் ஊட்டு மௌத்துக்கும் பாத்திஹா ஓதுனாங்க. எம் புள்ளைக்கு மட்டும் பதினஞ்சு வருசமா ஒரு பாத்திஹா இல்லை. பசியோட கெடந்திருக்கான்."

நான் கிறிஸ்தவன். பராத்து இரவில் யாசீன் ஓதி ஆயுசு கேட்பார்கள், செத்தவர்கள் பேரில் சோறாக்கி ஓதுவது பாத்திஹா என்பதெல்லாம் ராவுத்தர் சொல்லித் தெரியும். எங்களுக்கும் கல்லறைத் திருநாள் உண்டு. புதைத்த இடம் தெரியாவிட்டாலும் பெயர் சொல்லிப் பூசை வைப்போம். செத்தவனுக்குச் சேர வேண்டியதைத் தடுத்துவிட்டார்கள் என்பது எப்படிப்பட்ட வலி என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நிமிடத்தில் ராவுத்தர்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கிணற்றுக்குப் பயந்து அவர் செய்தது அது. மதீனா பீவி கிணற்றுக்குப் போகவில்லை. போகிற ஆளும் அல்ல. கூட வாழ்ந்தவருக்கு அது தெரியாமல் போயிற்று.

நான் சோற்றுச் சட்டியை ஒதுக்கி வைக்கலாம் என்று எழுந்தேன். அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"அதை எடுக்காதீங்க. அவனுக்குன்னு ஆக்குனது." ராவுத்தரைப் பார்க்காமலே, "பள்ளிவாசலுக்குப் போயி அசரத்தைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஓதிட்டுத்தான் எடுக்கணும்" என்றார்.

ராவுத்தர் வெயிலில் செருப்பில்லாமல் போனார். அசரத் வந்தார். ஊதுபத்தி வைத்து, முஹம்மது ஹனீப் என்று பெயர் சொல்லி ஓதினார். மகனைப் பற்றி விசாரிக்க ஆக்கிய சோறு மகனுடைய பாத்திஹாச் சோறாயிற்று. ஓதி முடித்ததும் மதீனா பீவி முதல் கவளத்தை எடுத்து மொரிதா முன்னால் வைத்தார். தாயில்லாத பிள்ளை, அவன் முதலில் சாப்பிடட்டும் என்றார். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். எனக்கும் வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

மெஷின் வேலை முடிந்து மொரிதா ஊருக்குப் போனான். புறப்படுகிற அன்று கடை வாசலில் நின்று தலை குனிந்தான். ராவுத்தரும் குனிந்தார்.

மதீனா பீவி அதற்குப் பின் புருஷனோடு சண்டை போட்டதில்லை. சோறு வைத்தார், துணி துவைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் அடுத்த பராத்து ராவில், ஆயுசு நீளக் கேட்டு யாசீன் ஓதத் தொடங்கியபோது அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாராம். யாருக்கும் ஆயுசு கேட்க எனக்கு வாய் வரவில்லை என்றாராம். ராவுத்தர்தான் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோதுதான் அவர் அழுது நான் பார்த்தது.

அறுபத்துநாலு வரை அவர் கடை நடத்தினார். புது டிரைவர் யாராவது வந்து உட்கார்ந்தால், வெயில் சாஸ்திங்களா என்பார். எந்த ஊருங்க என்பார். டீ கிளாஸைக் கையில் கொடுக்கும்போது அவர் உதடு ஒருமுறை அசையும். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.